ஜெசிந்தா இடுப்பில் கட்டிய பாட்டில்

மார்கழி, தை மாதங்களில் ஜெசிந்தா இடுப்பில் ஒரு துணிமுடிச்சோடு திரிவாள். "இன்னா ஜெசி, நகையா?" என்று ஆளுக்கொரு கிண்டல். நகை இல்லை, தண்ணீர். விழுப்புரத்தில் பயிற்சி கொடுத்து, ஊர்த் தண்ணீரைச் சோதிக்க அவளிடம் ஒரு பெட்டியை ஒப்படைத்திருந்தார்கள். அதிலுள்ள சின்ன பாட்டிலில் குறி வரைக்கும் தண்ணீர் ஊற்றி, மூடி, கதகதப்பாக வைக்க வேண்டும். கெட்ட கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கருத்துவிடும். குளிர்காலத்தில் கதகதப்புக்கு எங்கே போவது? உடம்புச் சூடுதான் கதி என்று இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் தென்னரசு, திண்டிவனத்திலிருந்து குட்டியானை வண்டியில் கேன் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் ஊரில் போடுகிறவன். மற்றவர்கள் கேனை வாசலில் உருட்டிவிட்டுப் போவார்கள். இவன் உள்ளே வந்து, மூடியின் சீலைப் பிரித்து, தோளில் கிடக்கும் துண்டால் கேன் வாயைச் சுற்றித் துடைத்து, ஸ்டாண்டில் கவிழ்த்துவிட்டுத்தான் போவான். அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

தை பிறந்ததும் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு பேரை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேல்தொட்டித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரே கத்தியது. ஜெசிந்தா ஒரு பாட்டிலில் அந்தத் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள். நல்ல தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுக் காட்ட, அங்கன்வாடிக்குள் இருந்த கேனிலிருந்து இன்னொன்று பிடித்தாள். புருஷன் போட்ட கேன் ஆயிற்றே!

குழாய்த் தண்ணீர் அப்படியே இருந்தது. கேன் தண்ணீர் மை போலக் கருத்திருந்தது.

மாற்றிக் கட்டிவிட்டோமோ என்று முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். மறுபடி சோதித்தாள். இந்த முறை, வண்டியில் சீலோடு இருந்த கேன் ஒன்றைத் தானே பிரித்து அதிலும் பிடித்தாள். அது கருக்கவில்லை. தென்னரசு கவிழ்த்து வைத்த கேன் மட்டும் கருத்தது. நடுவில் நடப்பது துடைப்பது ஒன்றுதான். அந்தத் துண்டைத் துவைக்கிறவள் அவள். காலையில் மாடு கறக்கும்போது மடியைத் துடைப்பதும், சாணிக் கையைத் துடைப்பதும் அதே துண்டு என்று அவளுக்குத் தெரியாதா?

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். அந்தக் காலத்தில் தென்னரசின் அப்பா தேவசகாயம் எங்கள் தெருவில் வரும்போது துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது எங்கள் தெரு. அவர் மகன் இன்று அதே தெருவில் தோளில் துண்டோடு வீட்டுக்குள் வருகிறான். அந்தத் துண்டில் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது பாட்டில்களை எடுத்து முன்னால் வைத்தாள். நடந்ததைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

"ஏங்க, கேன்ல தப்பு இல்ல. உங்க துண்டுதாங்க."

"இன்னாடி சொல்ற? எங்கப்பன எடுக்கச் சொன்னானுங்க. இப்ப நீ சொல்றியா?"

"எடுக்கச் சொல்லலைங்க. அதால துடைக்காதீங்கன்றேன். சீலோட கழுவிட்டு அப்பறம் பிரிங்க. ஒண்ணும் தெரியாத புள்ளைங்க, ஆஸ்பத்திரில படுத்துக்கினு கெடக்குதுங்க."

சோற்றில் கை வைத்தவன் அப்படியே எழுந்து போய்விட்டான். கோபித்துக்கொண்டு போனான் என்றுதான் நினைத்தாளாம். நேராக அங்கன்வாடிக்குப் போயிருக்கிறான். கேனைக் கொட்டிவிட்டு, ஸ்டாண்டை வெந்நீர் ஊற்றித் தானே தேய்த்துக் கழுவியிருக்கிறான்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்குக் கேன் வந்தது. குழாயடியில் வைத்து, சீலோடு கேன் கழுத்தைக் கழுவினான். சோப்பு கேட்டு வாங்கிக் கையையும் கழுவினான். பிறகு பிரித்து, எதையும் தொடாமல் கவிழ்த்தான். துண்டு தோளிலேயே கிடந்தது.

விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. பழக்கதோஷத்தில், "இன்னாப்பா, இன்னிக்குத் துடைக்கலயா?" என்றேன்.

அவன் துண்டை ஒரு முறை இழுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டான்.

"இது தோளுக்குங்க," என்றான். "கேனுக்கு இல்ல."