கியூப்புக்கு வைத்த பொட்டு

போன ஞாயிறு காலை என் கியூப்பைக் குப்பைத் தொட்டியில் போடப் போனேன்.

திருகித் திருகி நிறம் சேர்ப்போமே, அந்த கியூப்தான். ஓசூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் வாங்கியது. ஆறு பக்கமும் ஒரு தடவையாவது சேர்த்துவிட வேண்டும் என்று ஆசை. இதெல்லாம் ஓர் ஆசையா என்கிறீர்களா? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் ஏறினவன் நான். கிளீனர், ஓட்டல் சப்ளையர், டைல்ஸ் வேலை... கைவேலை எல்லாம் வந்தது. ‘உனக்கு மண்டையில ஏறாதுடா’ என்று கணக்கு வாத்தியார் சொன்னது மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது. அது நிஜமா இல்லையா – கியூப் சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பழகினேன். கீழ்த் தட்டு வந்தது. நடுத் தட்டும் வந்தது. மேல் தட்டில் மட்டும் ஒரே ஒரு மூலை முறைத்துக்கொண்டு நிற்கும். கலைத்துவிட்டு முதலிலிருந்து போட்டாலும் அதே கதை. தீபாவளியும் போய்விட்டது. வாத்தியார் சொன்னது சரிதான் என்று எழுந்தேன்.

நாகராஜ் தடுத்தான். என் அறையில் கூட இருப்பவன். தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் கன்னடம், என்னிடம் தமிழ். மெஷின்களைக் கழற்றி மாட்டும் ஃபிட்டர்.

“ஏண்ணா போடற? நல்லாத்தான சுத்துது?”

“சுத்துது. சேரல. எனக்கு அவ்ளோதான் மூளை.”

“கிரீஸ் எல்லாம் வெச்சுக் குடுத்தனேண்ணா.”

“எப்ப?”

“ஆயுத பூஜைக்கு. மிக்சி, பைக்கு, உன் கியூபு... எல்லாத்தையும் கழட்டி சுத்தம் பண்ணித்தான பொட்டு வெச்சேன்?”

பொட்டு வைத்தது தெரியும். அன்றைக்கு எங்கள் தாழ்ப்பாளுக்குக்கூட வைத்தான். கியூப்பின் வெள்ளைப் பக்கத்தில் இன்னும் லேசாகக் குங்குமம் இருக்கிறது. கழற்றியதுதான் தெரியாது.

“எந்தத் துண்டு எப்படி இருந்துச்சுன்னு பாத்து மாட்டுனியா?”

“மூலையெல்லாம் ஒரே சைசுதானண்ணா. உக்காந்துச்சு. சுத்திப் பாத்தேன், சத்தம் வரல. ஓகே பண்ணிட்டேன்.”

மெஷின் பேரிங் என்றால் அது போதும். கியூப்புக்குப் போதாது! போனில் தேடிப் பார்த்தேன் – ஒரு மூலைத் துண்டைத் திருப்பி மாட்டிவிட்டால் அழகாகச் சுற்றுமாம். எவ்வளவு படித்தவர் திருகினாலும் நிறம் சேராதாம்.

சொன்னதும் நாகராஜின் முகம் சுருங்கிவிட்டது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து அந்த மூலையை நெம்பினான். சரியாகத் திருப்பி மாட்டினோம்.

“இப்ப கலைச்சுக் குடு” என்றேன்.

ஈவு இரக்கமில்லாமல் கலைத்தான். நான் உட்கார்ந்தேன். டீ ஆறி ஏடு கட்டியது. அவன் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றான். கடைசி மூலையும் திரும்பி உட்கார்ந்தது. ஆறு பக்கமும் ஆறு நிறம்.

“பாத்தியாண்ணா?” என்றான் நாகராஜ். “கிரீஸ் வேலை செய்யுது.”

நமக்கு இது வராது என்று எதையாவது கீழே போடப் போகிறீர்களா? அதற்கு முன் ஒரு வார்த்தை விசாரியுங்கள்... யாராவது பாசமாகக் கழற்றித் துடைத்து, மாற்றி மாட்டி வைத்திருப்பார்கள்.