வெளுத்துப்போன பஞ்சு

நொஸ்ரத் வீட்டுக்கு யார் போனாலும், தேநீர் வருவதற்கு முன்னால் மீன்தொட்டியைப் பற்றிய பாடம் வந்துவிடும். நான் அவருக்குக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவள். கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளித்துப்போயிற்று.

“இஸ்மத் அக்கா, மீனோட கழிவு விஷம். இந்த வடிகட்டிப் பஞ்சுல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க குடியிருக்கு. அதுங்கதான் விஷத்தைத் தின்னு நைட்ரேட்டா மாத்துது. நைட்ரேட் ஏறினாலும் கெடுதல்தான். அதை இந்த மணி பிளான்ட் வேர் குடிச்சிடும்.”

ஃபிரிட்ஜ் மெக்கானிக் அவர். பேச்சு மட்டும் பேராசிரியர் பேச்சு. வாராவாரம் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, நைட்ரேட் பார்க்க மருந்துச் சொட்டு விடுவார். மஞ்சள் வந்தால் நல்லது, சிவப்பு வந்தால் கெட்டது. மஞ்சள் வந்த நாளில் மாடிப்படியில் பாட்டுச் சத்தம் கேட்கும்.

தொட்டியில் இருப்பது ஒரே ஒரு மீன், பெயர் பயில்வான். கட்டைவிரல் அளவில் வாங்கியது. இப்போது உள்ளங்கையை விடப் பெரிது. அவர் கையிலிருந்துதான் இரை தின்னும். பிள்ளை இல்லாத வீடு. அவருக்கு அது என்னவென்று நான் சொல்லவும் வேண்டுமா?

அதற்கு ஜோடி ஒன்றும் இருந்தது. ஈராண்டுக்கு முன் நொஸ்ரத் வெளியூர் போயிருந்தபோது, அண்ணன் அர்தலான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று பாதித் தண்ணீரை மாற்றினார். குளோரின் நெடி அடிக்கும் குழாய்த் தண்ணீரை ஒருநாள் பிடித்து ஆறவிடாமல் அப்படியே ஊற்றிவிட்டார். ஜோடி மீன் செத்தது. “கொலைகாரா!” என்று தம்பி சொந்தக்காரர்கள் மத்தியில் கத்தினார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. எங்கள் ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸுக்குத் தம்பிதான் முதலில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். ஐயா போகவே இல்லை.

நவ்ரூஸுக்கு முன்னால் எங்கள் ஷிராஸில் வீட்டையே தலைகீழாகப் புரட்டிக் கழுவுவோம். கம்பளம், திரை, சுவர், விளக்கு, எதுவும் தப்பாது. இந்த ஆண்டு நொஸ்ரத்தின் மனைவி பரிச்செஹர் கண்ணில் அந்தப் பஞ்சு பட்டது. ப்ளீச்சில் ஊறவைத்துப் பிழிந்து, பால்கனியில் காயவைத்து மறுபடி மாட்டிவிட்டாள். முடிபோல் தொங்கிய வேர்களையும் கத்தரித்துவிட்டாள்.

மறுநாள் பயில்வான் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. இரையைத் தொடவில்லை.

“நைட்ரேட் மஞ்சளாத்தானே இருக்கு? நீங்க தவங்கிடந்த மஞ்சள்!” என்றாள் பரிச்செஹர்.

“அதை உண்டாக்குற கிருமியே செத்துப்போச்சுடி! விஷம் விஷமாவே நிக்குது” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிடித்து ஆறவைத்திருந்த தண்ணீரெல்லாம் மாற்றியே தீர்ந்துபோனது.

“கடையில ஒரு பழைய பஞ்சு வாங்கக் கூடாதா?” என்றேன்.

“பண்டிகைக்கு வந்த தங்கமீனெல்லாம் அங்க சீக்கோட நிக்குது. அந்தப் பஞ்சை வச்சா இதுவும் போயிடும்.”

“அப்ப வேற யார்கிட்ட இருக்கு?”

அண்ணன் வீட்டிலும் ஒரு மீன்தொட்டி உண்டு என்று மூவருக்கும் தெரியும். எனக்கு வந்ததே கோபம்! “ரோஷத்தைத் தொட்டியில போடுங்க, மீன் பொழச்சுக்கும்!” என்று கத்திவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இருவரும் பின்னால் வந்தார்கள். பரிச்செஹர் வழியெல்லாம் அழுதாள்.

கதவைத் திறந்த அர்தலான் தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

“பண்டிகைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே. அதுக்குள்ள வாழ்த்தா?”

“அழுக்கு கேக்க வந்தேன், அண்ணே. உன் தொட்டிப் பஞ்சு. பயில்வான் சாகப்போகுது.”

அர்தலான் உடனே உள்ளே போனார். இரண்டு பஞ்சில் ஒன்றைத் தொட்டித் தண்ணீரோடு வாளியில் போட்டுக் கொண்டுவந்தார். கறுத்து, கொழகொழவென்று இருந்தது, பார்க்கவே குமட்டிற்று. நொஸ்ரத் அதைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என் கார் இருக்கை நாசமாயிற்று.

நவ்ரூஸுக்கு முந்தைய இரவு எல்லார் வீட்டிலும் கீரைச்சோறும் பொரித்த மீனும்தான். “அடுப்புல ஒண்ணு, தொட்டியில ஒண்ணு. எதைப் பார்த்து அழுவீங்க?” என்று கேலி செய்தேன். நொஸ்ரத் சிரிக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. ஆனால் பயில்வான் அடியில் இறங்கி நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது. பண்டிகையன்று காலை அவர் கையிலிருந்து ஒரு புழுவைப் பிடுங்கித் தின்றது. கூடத்தில் நின்று ஓவென்று அழுதார் அந்த மனிதர்.

விடுமுறை முடிவதற்குள் அர்தலானே வந்துவிட்டார். தம்பி வீட்டுக்கு அண்ணன் முதலில் வருவது எங்கள் வழக்கத்திலேயே இல்லை. இனிப்பைத் தொடாமல் நேரே தொட்டிக்குப் போனார். நொஸ்ரத் சோதனைக் குழாயை நீட்டினார். மஞ்சள் போய் ஆரஞ்சு வந்திருந்தது. கிருமிகள் வேலையைத் தொடங்கிவிட்டன. வெட்டிய வேர் இன்னும் வளரவில்லை.

“நைட்ரேட் ஏறியிருக்கு. கொஞ்சம் தண்ணி மாத்தணும்” என்று சொன்ன அர்தலான், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பரிச்செஹர் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றாள்.

நொஸ்ரத் மூலையிலிருந்த வாளியைத் தூக்கி வந்து அண்ணன் காலடியில் வைத்தார்.

“நேத்தே பிடிச்சு வச்ச தண்ணி. நீயே மாத்து, அண்ணே.”