மாசிமாவின் ஃபெர்னும் இரண்டாயிரத்துச் சொச்சம் பூச்சிகளும்

தொண்ணூறுகளின் கடைசியில் வங்கி என்னைக் கல்கத்தாவுக்கு மாற்றியது. லேக் கார்டன்ஸில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நானும் கணவரும் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரம்மாள். தெருவே அவரை மாசிமா, அதாவது சித்தி, என்றது. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் என்னை, வீட்டு மருமகளைக் கூப்பிடுவதுபோல், பௌமா என்பார்.

ஒரு மார்ச் மாதம் மாசிமா மகளின் பிரசவத்துக்காக டெல்லி கிளம்பினார். போகும் முன் ஒரு ஃபெர்ன் தொட்டியுடன் மாடியேறி வந்தார். செடி ஒரு சாண் உயரம். இலைகள் பதினேழு, கையில் வாங்கியதும் எண்ணி டைரியில் எழுதினேன்.

"என் வீட்டுக்காரர் கையால வச்சது, பௌமா. அக்டோபர்ல துர்கா பூஜைக்குத் திரும்பிடுவேன். உங்க வாடகை ஒப்பந்தமும் அப்பத்தானே முடியுது?" தொட்டியை விரலால் தட்டினார். "இது இருந்தா நீங்களும் இருக்கலாம்."

என் வங்க மொழி அரைகுறை. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் முழுதாகப் புரிந்தது.

வெயில் படாத ஜன்னலோரம் வைத்தேன். தினமும் காலை ஆறரைக்கு மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் தெளித்தேன். ஏப்ரல் கடைசியில் ஓர் இலையைத் திருப்பியபோது பகீரென்றது. அடியில் பழுப்புப் புள்ளிகள். நடுநரம்பின் இருபுறமும் சம இடைவெளியில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. இவ்வளவு ஒழுங்கான பூச்சிகளை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஞாயிறுதோறும் எட்டு மணிக்கு உட்காருவேன். சோப்புத் தண்ணீர், பஞ்சு, பழைய டூத் பிரஷ். ஒவ்வொரு புள்ளியாகத் தேய்த்து எடுத்து எண்ணிக்கையை எழுதுவேன். கழுவிய தண்ணீரைப் பின்பக்க பால்கனியிலிருந்து கொல்லைச் சுவர்மேல் வீசிக் கொட்டுவேன். அங்கிருந்து பூச்சிகள் மாடியேறி வர முடியாது என்பது கணக்கு.

"இன்னிக்கு எத்தனை பேர் காலி, மேனேஜர் மேடம்?" என்பார் கணவர்.

"நூத்திநாப்பது. பாதி இலைதான் ஆச்சு."

"பேஷ், விடாதே. நான் பேப்பர் வாங்கிண்டு வந்துடறேன்."

பேப்பர் வாங்க அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதை யோசிக்க எனக்கு அப்போது பொழுதில்லை.

பூஜைக்கு நான்கு நாள் முன்பு மாசிமா வந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக மாடிக்குத்தான் வந்தார். முப்பத்தோரு இலைகள். தடவிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு ஓர் இலையைத் திருப்பினார்.

"ஓ மா! அடியில மொட்டையா இருக்கே. புள்ளியெல்லாம் எங்கே?"

நான் பெருமையோடு டைரியைப் பிரித்தேன். "எல்லாத்தையும் கொன்னாச்சு மாசிமா. மொத்தம் ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு."

மாசிமா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "பௌமா, அது பூச்சியில்ல. செடிக்கு விதை மாதிரி. குட்டி அதுலேருந்துதான் வரும்."

நான் மனதுக்குள் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினேன். கணவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஸ்போர்னு பேரு. பி.யு.சி. பாட்டனியில வரும்."

"தெரியுமா உங்களுக்கு? அஞ்சு மாசமா பார்த்துண்டு இருந்தேளா?"

"தேய்ச்சா செடிக்கு ஒண்ணும் ஆகாதுன்னும் தெரியும். நீ பிரஷ்ஷை எடுத்தா பத்து மணி வரைக்கும் நிமிர மாட்டே. மூலைக்கடையில அந்த நேரத்துக்குத்தான் ஜிலிப்பி சூடா..." பாதியில் நிறுத்திக்கொண்டார். ஜிலிப்பி அந்த ஊர் ஜிலேபி. டாக்டர் அவருக்கு இனிப்பை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மாசிமா பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கக் கீழே போனார். கொஞ்ச நேரத்தில் கொல்லையிலிருந்து கத்தினார்: "பௌமா! இங்கே வா, உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா!"

போனோம். மழையில் ஊறிப் பாசி பிடித்த செங்கல் சுவரில், நான் தண்ணீர் கொட்டிய இடத்திலெல்லாம், குட்டி ஃபெர்ன்கள். பழக்கதோஷம், எண்ணினேன். நாற்பத்துமூன்று.

மாசிமா சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஒண்ணொண்ணையும் வேர் அறாம எடுத்துத் தனித்தனித் தொட்டியில வைக்கணும். அதெல்லாம் பெரிசாகிற வரைக்கும் வீட்டைக் காலி பண்ணக் கூடாது. கையெழுத்து நாளைக்கே போட்டுடலாம்."

"அவசியம் மாசிமா," என்றேன். "இவர் வைப்பார். ஞாயித்துக்கிழமை, எட்டிலேருந்து பத்து வரைக்கும்."

வாரத்துக்கு நான்கு தொட்டிகள் வீதம் பதினோரு ஞாயிறு ஆயின. பேப்பரை நான் வாங்கி வந்தேன். ஜிலிப்பி உண்மையிலேயே நன்றாக இருந்தது.