புக் போஸ்டில் வந்த வேதியியல்

ப்ளஸ் டூவில் வேதியியல் என்னைக் கவிழ்த்தது. மருத்துவத்துக்கு மார்க் போதவில்லை. இம்ப்ரூவ்மெண்ட் எழுதுவது என்று வீட்டில் முடிவாயிற்று. அதாவது ஒரு வருடம் வீட்டிலேயே இருந்து, அதே பரீட்சையையும் நுழைவுத் தேர்வையும் மறுபடி எழுதுவது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கூடப் படித்தவர்கள் பாளையங்கோட்டைக்குக் கல்லூரி பஸ் ஏறிப் போனார்கள். நான் அம்பாசமுத்திரத்தில், வாய்க்கால் ஓரத் தெருவில், காலை பத்து மணிக்கு மேல் ஆளரவம் அடங்கிவிடும் வீட்டில், ஜன்னல் வழியே வயலையும் வயலுக்கு அப்பால் மலையையும் மலைக்கு மேல் மேகத்தையும் பார்த்துக்கொண்டு, புத்தகத்தை மட்டும் பார்க்காமல் இருந்தேன்.

அப்பா மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். பேப்பரில் விளம்பரம் பார்த்து, சென்னையிலிருந்து தபாலில் நடத்தும் ஒரு வேதியியல் பயிற்சியில் என்னைச் சேர்த்துவிட்டார். இப்போது என் மகள் திரையைத் தொட்டால் ஆசிரியர் வந்து நிற்கிறார், விரலை எடுத்தால் வாய் திறந்தபடி உறைந்துபோகிறார். எனக்கு ஆசிரியர் தபால்காரரின் சைக்கிளில் மடித்துக் கட்டி வந்தார். மாதம் இரண்டு பாடக் கட்டு, ஒரு தேர்வு. தேர்வை வீட்டிலேயே, புத்தகம் பார்க்காமல், மூன்று மணி நேரத்தில் எழுதி அனுப்ப வேண்டும். திருத்தி வரும். கூடவே தரவரிசைப் பட்டியலும் வரும்.

புத்தகம் பார்க்காமல் என்பதை அப்பா தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பங்குனி தோறும் அரசுத் தேர்வுக்கு ஊர் ஊராக மேற்பார்வைக்குப் போகிறவர் அவர். கேள்வித்தாள் கட்டில் அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற மனுஷர். மாலையில் பள்ளி விட்டு வந்ததும் தேர்வு உறையைக் கேட்டு வாங்கி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி மூடியில் சொட்டவிட்டு, ஒரு பழைய காலணாவை அதில் அழுத்துவார். உறை பீரோவுக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு அம்மாவைச் சாட்சியாக வைத்து உடைப்பார். முன்னறையில் ஒற்றை மேஜை. குக்கர் வைக்கக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது.

"ஒரு பிள்ளை பரீட்சை எழுததுக்கு ஊரே பட்டினி கெடக்கணும் போல," என்பாள் அம்மா.

"ஹால்ல பேசப்பிடாது," என்பார் அப்பா.

பன்னிரண்டு அடித்ததும் விடைத்தாள்களை அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, நூல் கோத்து முடிச்சுப் போட்டுத் தருவேன். அவர் பக்கங்களை எண்ணி மேலே எழுதுவார். எல்லாம் சட்டப்படி.

முதல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தெட்டு.

இரண்டாவது தேர்வு உறை வந்த அன்று, அது தேர்வு என்று எனக்குத் தெரியாது. புக் போஸ்டில் வருவது எல்லாமே ஒரே காக்கி நிறம். அஞ்சல் கட்டணம் குறைவு, அதனால் உறையை ஒட்டக் கூடாது. உள்ளே கடிதம் எதுவும் இல்லை என்று தபால் ஆபீஸில் பிரித்துப் பார்க்க வசதியாக மூடியைச் சும்மா உள்ளே செருகியிருப்பார்கள். "யம்மா, மெட்ராஸ் பாடம்!" என்று தபால்காரர் நீட்டினார். பாடம்தான் என்று உருவினேன். இளஞ்சிவப்புத் தாளில் கேள்விகள். உடனே உள்ளே தள்ளியிருக்கலாம். முதல் கேள்வியைப் படித்தேன், பிறகு இரண்டாவது. அப்பாவின் பஸ் வர ஐந்தரை மணி நேரம் இருந்தது. ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, தாளை மடிப்புக் கலையாமல் செருகினேன். மாலையில் அப்பா அதன் மேல் அரக்கைச் சொட்டினார். அரக்கு வாசம் வீடு முழுக்க நின்றது.

ஞாயிறு வரை விடைகளைத் தேடி உருப்போட்டு எழுதினேன். தொண்ணூற்றொன்று வந்தது. பட்டியலில் நான்காவது இடம். மூன்றாவது தேர்வை வேண்டுமென்றே பிரித்தேன், நான்காவதையும். நான்காவதில் என் பதிவு எண் மூன்றாவது இடத்தில் இருந்தது. அப்பா பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்டினார், மாவு மில்லில் காட்டினார். மாவு அரைக்கக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களுக்கு வேறு என்ன வேலை, எல்லோரும் பார்த்தார்கள்.

அப்பாவின் பள்ளியில் வேதியியல் நடத்தும் சார் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். அதிகாலையில் வீட்டில் எட்டுப் பேருக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பார். ஒன்பதாவது ஆளைச் சேர்க்கமாட்டார். அந்த எட்டில் ஓர் இடத்தை அப்பாவுக்காக நிறுத்திவைத்திருந்தார். ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலை குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, பிள்ளைய எப்ப அனுப்புதிய? திங்கக்கெழமையோட எட்டுப் பேரையும் சேத்து முடிச்சிருவேன். இன்னொரு பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கு."

அப்பா பட்டியலை எடுத்தார். "இதப் பாரும்வே. மூணாவது. இவளுக்கு எதுக்கு ட்யூசன்? அந்தப் பிள்ளைக்கே குடுத்துரும்."

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கும் சந்தோஷம்தான். "ஏ அப்பா! அனிலின்ல இருந்து பீனால் கேட்டிருந்தானா?"

"ஆமா சார்," என்றேன். முழு மார்க் வாங்கியிருந்தேன். அம்புக்குறி, அம்புக்குறி மேல் என்ன, கீழ் என்ன, எல்லாம் கண்ணுக்குள் இருந்தது.

"மொதப் படிய எதுக்கு ஐஸ்ல வச்சுச் செய்யணும்?"

அம்புக்குறியின் கீழ் 273 K, அதாவது பூஜ்ஜியம் டிகிரி, என்று இருந்தது தெரியும். ஏன் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"கூச்சப்படுதா," என்றார் அப்பா.

சார் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "சரி அண்ணாச்சி, எதுக்கும் ஞாயித்துக்கெழம வரைக்கும் யோசிச்சுக்கிடுங்க," என்று குடையை விரித்தார்.

அந்த ராத்திரிதான் எனக்கு உறைத்தது. மார்ச்சில் வரும் கேள்வித்தாளை யாரும் எனக்கு முன்னால் தரப்போவதில்லை. கரிம வேதியியலில் பாதி எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் சாரின் ட்யூசனில் இடம் கிடைக்கும். சொல்ல வேண்டியது மாவு மில் வரைக்கும் பட்டியல் காட்டிய மனுஷரிடம்.

புதன்கிழமை ஐந்தாவது தேர்வு வந்தது. பிரிக்கவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு வாய்க்காலுக்குப் போய்த் துணி துவைத்தேன். திரும்பி வந்தபோதும் அது அங்கேயே இருந்தது, மூடி சற்றே பிளந்து. இது வீரம் ஒன்றும் இல்லை. நானாகச் சொல்லத் தைரியம் இல்லை, தாளே சொல்லட்டும் என்று விட்டேன். மாலையில் அப்பா வழக்கம்போல அரக்கு வைத்து அதைப் பீரோவுக்குள் வைத்தார்.

ஞாயிறு ஒன்பதுக்கு அரக்கு உடைந்தது. பத்தரைக்கு நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அப்பா மேஜையைச் சுற்றி வந்தார். மறுபடி சுற்றி வந்தார்.

"என்னளா, மேலுக்குச் சரியில்லையா?"

"கவர் ஒட்டி வரல்லப்பா."

"எது?"

"மெட்ராஸ் கவர். ஒட்டாமத்தான் வரும். நீங்க வாரதுக்கு முன்னாடியே நான் பாத்திருவேன்."

அவர் கையில் உடைந்த அரக்குத் துண்டு ஒன்று இருந்தது. அதை மேஜை ஓரத்தில் வைத்தார்.

"எத்தன தடவ?"

"மூணு."

"மொதத் தடவ?"

"அது நானா எழுதினது."

"முப்பத்தெட்டு."

"ஆமா."

அடிப்பார் என்று தோளைக் குறுக்கினேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. எழுது," என்றார்.

எழுதினேன். தெரிந்ததை எழுதி, தெரியாததை விட்டு, பன்னிரண்டுக்கு மூன்று தாளை நூல் கோத்துக் கொடுத்தேன். அப்பா எண்ணி, மூன்று என்று மேலே எழுதினார். சட்டையை மாட்டிக்கொண்டு, "செருப்பப் போடு," என்றார்.

மழை விட்டு வெயில் சுள்ளென்று இருந்தது. சார் வீட்டு வாசலில் நின்றோம். மனசு மாறிவிட்டது, அனுப்பலாம் என்றிருக்கிறோம் என்று சொன்னால் போதும், சார் வேறு எதுவும் கேட்டிருக்கமாட்டார். அப்படித்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சார், அந்த மூணாவது ரேங்க் பொய். கேள்விய முன்கூட்டியே பாத்து எழுதியிருக்கா. இவ மார்க்கு முப்பத்தெட்டுதான். எடம் இருக்கா?"

சார் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். "வெயில்ல நிக்கியளே அண்ணாச்சி, உள்ள வாங்க," என்றார் முதலில். பிறகு என்னிடம், "மூணாவது ரேங்குக்கு நான் என்னத்தச் சொல்லிக்குடுக்க? முப்பத்தெட்டுன்னா எனக்கும் கொஞ்சம் சோலி இருக்கும். காலைல ஆறு மணி. லேட்டானா கதவச் சாத்திருவேன்."

மறுநாள் தொடங்கி அந்த வாரம் முழுக்க அப்பா அதையே சொன்னார். ஆசிரியர் அறையில், பஸ்ஸில், மில்லில், பட்டியலைக் காட்டிய ஒவ்வொருவரிடமும்.

"ஒரு நோட்டீஸ் அடிச்சு ஒட்டிருங்க, கால்வலி மிச்சம்," என்றாள் அம்மா.

"கேக்கதுக்கு முன்னாடி நானே சொல்லிருதேன். அடுத்த பட்டியல் எங்கன்னு கேப்பாம்லா," என்றார் அப்பா. அந்த வாரம் என்னிடம் அவர் பேசியது மிகக் குறைவு. காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டி எழுப்புவார், அவ்வளவுதான்.

ஐந்தாவது தேர்வு திருத்தி வந்தபோது இருபத்தொன்பது. பட்டியலை அவர் விரிக்கவில்லை. விடைத்தாளைத்தான் எடுத்தார். அதுவரை எத்தனாவது என்று மட்டும் கேட்டவர், பென்சீன் வளையத்தை வெறும் அறுகோணமாகப் பார்க்கிறவர், நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, "எதெல்லாம் போச்சு? ஒண்ணொண்ணாச் சொல்லு," என்றார். நான் முதல் சிவப்புக் கோட்டில் விரலை வைத்தேன்.