மடக்கு சைக்கிளில் ஊர் பார்த்தவள்

அடி அண்ணாமலையில் அருணாதேவி வீடு எதுவென்று விசாரித்தால், "சைக்கிள் அருணாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். சில வருஷங்களுக்கு முன்புவரை அவள் வெறும் ஆட்டோ காசியின் வீட்டுக்காரி. தெருவில் பாதிப் பேருக்கு அவள் பெயரே தெரியாது.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கும் கெஸ்ட் ஹவுஸில் அவளுக்கு வேலை. ரூம் பெருக்கித் துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, புதிதாகச் சேரும் பெண்களைப் பழக்குவது. மகள் ரேவதிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள், அவள் கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு வீட்டில் சும்மா நின்றது. நாற்பதைத் தாண்டிய வயதில் அருணாதேவி அதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முழங்கை இரண்டும் சிராய்ந்தன. ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிற வேலை அத்தோடு ஒழிந்தது.

எங்கெங்கிருந்தோ ஜனங்கள் அவள் ஊருக்கு வந்தார்கள். அவள் எங்கேயும் போனதில்லை. கல்யாணம், சாவு, வேலூர் ஆஸ்பத்திரி, இவைதான் அவள் ஊர் தாண்டிய காரணங்கள். எதற்கும் அவளாகப் போனதில்லை. யாராவது கூட்டிப்போனார்கள், யாராவது கூட்டிவந்தார்கள்.

வருஷா வருஷம் குளிர்காலத்தில் வந்து தங்கும் மார்த்தா என்ற ஜெர்மன் அம்மாளிடம் ஒரு மடக்கு சைக்கிள் இருந்தது. காலையில் அதை ரயிலில் ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் புழுதியோடு திரும்பி வருவார். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் படம் காட்டினார். அகலமான மணல், நடுவில் மெல்லிசாக ஓடும் தண்ணீர், நீளமாக ஒரு பாலம்.

"இது எந்த ஊரும்மா?"

"திருக்கோவிலூர்" என்றார் மார்த்தா.

அருணாதேவிக்குச் சுருக்கென்றது. ரயிலேறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். ஒரு சாவுக்கு அந்தப் பாலத்தின் மேல் வேனில் போயிருக்கிறாள். பெண்கள் நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்ததில் ஆறு கண்ணிலேயே படவில்லை.

அடுத்த வருஷம் மார்த்தா முட்டிவலியோடு வந்தார். சைக்கிள் மிதிக்க முடியவில்லை. ஊருக்குக் கிளம்பும் அன்று அதை அருணாதேவியின் கையில் கொடுத்து, "நீ ஓட்டு. சும்மா நிக்க வேண்டாம்" என்றார்.

வீட்டு வாசலில் அவள் அதை மடக்கிக் காட்டியதும் காசி விழுந்து விழுந்து சிரித்தான்.

"இது இன்னா சைக்கிளா, சூட்கேஸா?"

"பௌர்ணமி முடிஞ்சு லீவு குடுப்பாங்க இல்ல, அன்னைக்குத் திருக்கோவிலூர் போய்ட்டு வரேங்க."

"அங்க இன்னா வேலை உனக்கு?"

"வேலை ஒண்ணும் இல்ல. பாக்கணும்."

"கோயிலுக்குன்னா சொல்லு, நானே ஆட்டோவுல கூட்டிட்டுப் போறேன்."

"கோயிலுக்கு இல்லீங்க. நானே போய்ப் பாத்துட்டு, நானே வரணும்."

காசி சிரிப்பை நிறுத்தினான். "ஊரே இங்க வந்து நம்ம மலையைச் சுத்துது. நீ எங்க போய் எதைச் சுத்தப் போற?" என்றான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கெஸ்ட் ஹவுஸில் கழித்துப் போட்ட திரைச்சீலையை வெட்டி, சைக்கிளுக்கு ஒரு உறை தைத்தாள். லீவு நாளன்று எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு மிதித்தாள். பிளாட்பாரத்தில் மடக்கி உறைக்குள் போட்டு, டிக்கெட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் அந்த மூட்டையைக் காலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாமா இது, இரும்பு மாதிரி இருக்கு?"

"சைக்கிளுங்க சார்."

"சைக்கிளா?"

அவள் உறையைத் திறந்து காட்டினாள். பக்கத்து சீட்டு ஆட்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவர் ஹேண்டில்பாரைத் தடவிப் பார்த்துவிட்டு, "யார் காலையும் இடிக்காம வெச்சிக்கோங்க" என்று நகர்ந்தார். எதிர் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள், "எங்க, யார் வீட்டுக்குப் போற?" என்று கேட்டாள். "யார் வீட்டுக்கும் இல்ல" என்றாள் அருணாதேவி. அதைச் சொன்னபோது அவளுக்கே புதிதாக இருந்தது.

திருக்கோவிலூர் ஸ்டேஷன் இருப்பது ஆற்றுக்கு இந்தக் கரையில், அரகண்டநல்லூரில். இறங்கி, சைக்கிளை விரித்துப் பாலத்தில் ஏறினாள். இரண்டு பக்கமும் தென்பெண்ணை. காற்று முந்தானையைப் பிடுங்கியது. பாதிப் பாலத்தில் நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். மாடுகள் தண்ணீரில் இறங்கின. ஒருவன் மணலில் வேட்டியைக் காயப் போட்டிருந்தான். காலை நேரத்தில் ஒரு ரூம் மணியும் அவளைக் கூப்பிடாதது அதுதான் முதல் தடவை. பிறகு கரையோரமாகவே வெகுதூரம் மிதித்து, ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்து சாதத்தைத் தின்றாள். யாருக்கும் பரிமாறாமல் தின்றாள்.

திரும்பும் வழியில் வேலிக்காத்தான் முள் ஏறி பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. வெயிலில் தள்ளிக்கொண்டே ஊருக்குள் வந்து கடை தேடினாள். மெக்கானிக் அவ்வளவு சின்ன டயரைப் பார்த்ததில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்து, நிதானமாக ஒட்டிக் கொடுத்தார். அதற்குள் அவள் நினைத்திருந்த ரயில் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கண்டக்டர் படியிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

"சைக்கிள் எல்லாம் ஏத்த முடியாதும்மா. கூட்டம் ஜாஸ்தி."

அருணாதேவி சீட்டை இறக்கினாள், ஹேண்டில்பாரைச் சாய்த்தாள், நடுவில் இருந்த பூட்டைத் தட்டி மடித்தாள். உறையை மாட்டி ஒரு கையால் தூக்கி நின்றாள். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டியிருந்தார்கள்.

"இப்ப ஏறலாங்களா?"

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏறுங்கக்கா. கடைசி சீட்டுக்கு அடியில தள்ளிடுங்க" என்று வழி விட்டார்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் காசி நின்றிருந்தான். ரயிலில் வரவில்லை என்றதும் பஸ் பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளைக் கண்டதும் முகம் தெளிந்தது. குரலில் மட்டும் கோபம் இருந்தது.

"போன் எடுத்தா என்ன? ஏறு, ஆட்டோ வெளிய நிக்குது."

"பஸ் சத்தத்துல கேக்கலைங்க. நீங்க போங்க, நான் ஓட்டிட்டே வரேன்."

"இருட்டப் போகுது."

"அதுக்குள்ள போயிடலாம்."

அவள் சைக்கிளை விரித்து ஏறினாள். காசி முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோவைக் கிளப்பினான். ஆனால் முந்திப் போகவில்லை. வீடு வரைக்கும் அவளுக்குப் பின்னாலேயே, சவாரி கேட்டுக் கை காட்டியவர்களை எல்லாம் விட்டுவிட்டு, மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தான்.

மறுநாள் எதிர்வீட்டுத் தனம் கேட்டாள். "எந்தக் கோயிலுக்குக்கா போயிட்டு வந்த?"

"கோயிலுக்குப் போகல. ஆத்தைப் பாத்துட்டு வந்தேன்."

"ஆத்தையா? அதுக்காகவா அவ்ளோ தூரம்?"

தெருவில் அதை வைத்துக் கொஞ்ச நாள் சிரித்தார்கள். வயசான காலத்தில் ஊர் சுற்றுகிறாள் என்றார்கள். அருணாதேவி அடுத்த லீவில் கீழ்பென்னாத்தூர் வரை சைக்கிளில் போய், அங்கிருந்து பஸ்ஸில் செஞ்சி போனாள். கோட்டை மேலிருந்து எடுத்த படத்தை ரேவதிக்கு அனுப்பினாள். இன்னொரு லீவில் ரயிலில் போளூர் போய், ஏரிக்கரைகளில் சுற்றிவிட்டு வந்தாள். எந்த ரயிலில் கூட்டம் கம்மி, எந்த ஊரில் இறங்கினால் ரோடு நன்றாக இருக்கும் என்பதெல்லாம் பழகிப் போனது. போய்வந்த பிறகு வாசலில் உட்கார்ந்து அவள் சொல்லும் கதைகளைக் கேட்க, சிரித்தவர்களே வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்து உட்கார்ந்தவள் தனம்.

ஒருநாள் தனம் கேட்டே விட்டாள். "எனக்கும் ஓட்டக் கத்துக் குடுக்கிறியாக்கா?"

கிரிவலப் பாதையில் கூட்டமில்லாத விடிகாலைகளில் ரேவதியின் பழைய சைக்கிளில் தனம் பழகினாள். அவளைப் பார்த்து ஆதிலட்சுமி வந்தாள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். பிறகு தையல்கடை ஜாஹிரா வந்தாள். ஜாஹிரா சின்ன வயதில் அண்ணன் சைக்கிளைத் திருட்டுத்தனமாக ஓட்டியவள். கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, தைரியம் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது.

போன மாசியில் நான்கு பேரும் புதுச்சேரிக்குக் கிளம்பினார்கள். மடக்கு சைக்கிள் ஒன்றுதான் இருந்தது. மற்ற மூவருக்கும் அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அருணாதேவி விசாரித்து வைத்திருந்தாள். விழுப்புரம் வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்ட காசி, ரயில் கிளம்புகிறவரை ஜன்னல் பக்கத்திலேயே நின்றான்.

"பத்திரமா போங்க" என்று மற்றவர்களிடம் சொன்னான். "இவளுக்கு வழி எல்லாம் அத்துப்படி. இவ சொல்றபடி கேளுங்க."

அருணாதேவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

புதுச்சேரியில் சைக்கிள் வாடகைக் கடைக்காரர் நான்கு பெண்களையும் ஏற இறங்கப் பார்த்தார். "கூட ஆம்பளைங்க யாரும் வரலையா? பொறுப்பு யாருமா?"

தனம், ஆதிலட்சுமி, ஜாஹிரா மூவரும் ஒரே நேரத்தில் அருணாதேவியைக் காட்டினார்கள்.

"நான்தாங்க" என்றாள் அவள். தன் அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தாள். மூன்று சைக்கிளின் பிரேக்கையும் தானே பிடித்துப் பார்த்தாள். ஜாஹிராவுக்கு உயரம் குறைந்த சீட்டாக மாற்றித் தரச் சொன்னாள்.

கடற்கரை ரோட்டுக்கு வந்ததும் ஆதிலட்சுமி சைக்கிளை நிறுத்திவிட்டு, கடலைப் பார்த்து நின்றாள். ஜாஹிரா புர்காவின் நுனியைச் சுருட்டிச் செருகிக்கொண்டு எல்லாரையும் தாண்டிப் போய்விட்டாள். தனம் தடுமாறி, பிறகு நேராகி, "அக்கா, பாருக்கா, நானே ஓட்டுறேன்" என்றபடி கடந்தாள்.

அருணாதேவி அவசரப்படவில்லை. மூவரும் கண்ணில் படும் தூரத்தில், உப்புக்காற்று முகத்தில் அடிக்க, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து மிதித்துக்கொண்டு போனாள்.