கிணற்றுச் சுவரில் பார்த்த வெடிப்பு

இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை பொய்த்த ஆண்டுகளில் ஒன்று அது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கும் வேலை எனக்கு. வயது முப்பத்தெட்டு. தூக்கம் என்னை விட்டுப் போய் மாதக்கணக்காகியிருந்தது. குழம்பில் உப்புக் கூடினால்கூடத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். டாக்டரிடம் போனேன். பிரஷர் ஏறியிருக்கிறது என்றார். "மாத்திர தரேன். ஆனா நாலு செவுத்துக்குள்ளயே கெடக்காதீங்க. வெளியில போங்க, ஒடம்ப அசைங்க."

இதைக் கேட்டுச் சிரித்தான் என் நண்பன். அவன் அதே கம்பெனியில் அச்சில் களிமண் வார்ப்பவன். "ஞாயித்துக்கெழம என்கூட வாய்யா" என்று தன் மொபெட்டில் கம்மாபுரம் பக்கம் கூட்டிப் போனான். அவன் தங்கையைக் கொடுத்த ஊர். மச்சானின் வயல் நடுவே அகலமான ஒரு கிணறு. மேல்பாதி கருங்கல் கட்டு, அதற்குக் கீழே வெறும் மண் சுவர். சுவரை ஒட்டிப் படிகள் இறங்கின.

சின்ன வயதில் கற்ற நீச்சல் மறந்திருக்கவில்லை. முதல் முங்கிலேயே காது இரண்டும் அடைத்து, சூளையின் இரைச்சல் நின்றுபோனது. மல்லாந்து மிதந்தபோது வட்டமாக வானம் மட்டும் தெரிந்தது. அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தவன் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்தேன். நாலைந்து வாரம் போனதும் மனைவி சொன்னாள்: "கெணத்துக்குப் போயிட்டு வந்தா வேற ஆளா இருக்கீங்க. வுடாம போங்க."

விடாமல் போனேன். கோடை ஏற ஏறத் தண்ணீர் இறங்கியது. ஒரு வாரம் ஒரு படி, அடுத்த வாரம் இரண்டு. மச்சான் கிணற்றடியில் நின்று பார்ப்பாரே தவிர பேசமாட்டார். ஒருநாள் மட்டும் சொன்னார்: "மழ இல்லாததுதான்னு சொல்றாங்க. நெலக்கரி சொரங்கத்துல தண்ணி எறைக்கிறதாலன்னும் சொல்றாங்க. எதுன்னு யாருக்குத் தெரியுது? பாத்துக் குளிங்க அண்ணே."

கல்கட்டு முழுதும் வெளியே வந்து, அதன் கீழிருந்த மண்ணும் தெரியத் தொடங்கியது. நாங்கள் நீந்தும்போது எங்காவது ஒரு மண்கட்டி பொத்தென்று தண்ணீரில் விழும். இருவரும் திரும்பிப் பார்ப்போம். வட்ட அலை வந்து மார்பில் மோதும். பிறகு மறுபடி நீந்துவோம். முன்பெல்லாம் கல்லிடுக்கில் கூடு கட்டியிருந்த புறாக்கள் அந்த மாதம் ஒன்றுகூட இல்லை.

ஒரு ஞாயிறு, கல்கட்டின் அடியில் ஒரு வெடிப்பைப் பார்த்தேன். கை நுழையும் அகலம். வளைந்து போய்ப் படிகளுக்குப் பின்னால் மறைந்தது. மண் வேலை செய்பவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரம் அவசரமாக வெளியேறினால் களிமண் அப்படித்தான் பிளக்கும். அந்த மாதிரிக் கீறல் விட்ட சாமானைச் சூளைக்குள் ஏற்றவே விடமாட்டேன். ஆனால் அன்று வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வருவது நின்றுவிடும். நின்றால் மறுபடி அந்தத் தூங்காத ராத்திரிகள். இன்னும் ரெண்டு வாரம் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறே நடந்தது. காலை எட்டு மணி இருக்கும். குளித்து முடித்து நான் மேலேறிவிட்டேன். அவன் கடைசிப் படியில் உட்கார்ந்து காலுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். துண்டை எடுக்கக் குனிந்தேன். பெரிய இடி எதுவும் கேட்கவில்லை. மூட்டையை இறக்கிப் போட்டது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். எட்டிப் பார்த்தபோது படிகள் இருந்த பக்கமே இல்லை. செம்புழுதி எழும்பிக்கொண்டிருந்தது.

"யோவ்! யோவ்!" என்று கத்தினேன். புழுதி அடங்கியதும் அவன் தலை தெரிந்தது. மார்வரை மண். அதைச் சுற்றிச் சேற்றுத்தண்ணீர்.

மச்சான் கயிற்றோடு ஓடிவந்தார். பக்கத்து வயலில் இருந்த இரண்டு பேரும் வந்தார்கள். எதிர்ப்பக்கமாக அவர் இறங்கிக் கையாலேயே மண்ணைத் தோண்டினார். "நீங்க எறங்காதீங்க அண்ணே, கயித்தப் புடிங்க" என்றார். பிடித்தேன். மேலே நாங்கள் நின்ற மண்ணும் அதிர்ந்தது போலிருந்தது. அவனை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவனிடம் சொல்லிவிட்டேன். "அந்த வெடிப்ப நான் முன்னாடியே பாத்தேன்யா. சொல்லாம வுட்டுட்டேன்."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நானுந்தான் பாத்தேன்" என்றான். "சொன்னா நீ வரமாட்டன்னு சொல்லல."

அவன் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆரஞ்சை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

ஆறு மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். உட்கார்ந்து சாயம் பூசும் வேலை கொடுத்தார்கள். நான் காலையில் ஸ்கூல் மைதானத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். தூக்கம் கொஞ்சம் வந்தது, கொஞ்சம் வரவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஒரு சனிக்கிழமை அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். "கெணறு ரொம்பிடுச்சாம். போலாமா?"

நான் வரவில்லை என்றேன். அவன் வற்புறுத்தவில்லை. மறுநாள் தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தான். திங்கட்கிழமை டீ குடிக்கும்போது, "தண்ணி நல்லா சில்லுனு இருக்குதுய்யா" என்றான். அவன் முகம் தெளிந்திருந்தது. எந்தப் பக்கமாக இறங்கினான் என்று நான் கேட்கவில்லை.