பிரசங்கத்தின் மூன்றாம் பகுதியில் என் தங்கை

2009இல் வெள்ளிக்கிழமைதோறும் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜெபக்கூட்டம் நடக்கும். நான் ஊரில் பத்தாம் வகுப்பு ஓ எல் சோதனையோடு படிப்பை விட்டவன். பாஸ்டர் அண்ணை ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டன் வந்தவர், நிறைய வாசிப்பவர். முந்தைய நூற்றாண்டுகளில் கப்பலேறி அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேய விசுவாசிகளின் பிரசங்கங்களை எடுத்துவைத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லுவார். பூரிட்டன்கள் என்று அவர்களுக்குப் பெயர்.

எனக்கு அந்த ஆட்களைப் பிடித்துவிட்டது. அலங்காரமாகப் பேசுவதை ஆணவம் என்று நினைத்தவர்கள். அவர்களுடைய பிரசங்கத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் வசனம், பிறகு அதிலிருந்து எடுக்கும் போதனை, கடைசியில் பயன். பயன் என்றால், இது உன் வாழ்க்கையில் எங்கே தொடுகிறது என்று கேட்பவனுக்கு நேராகச் சொல்வது. பயிர் அழிந்தாலும் பிள்ளை செத்தாலும், கர்த்தர் இதில் எங்களுக்கு என்ன சொல்கிறார் என்று தேடி எழுதினார்கள். அகதியாக வந்தவனுக்கு, நடந்தது எதுவும் வீண் இல்லை என்று கேட்பது பெரிய ஆறுதல்தானே.

அந்த நேரம் என் தங்கை வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தாள். ஒருநாள் யாரோ ஒருவருடைய போனிலிருந்து அழைத்தாள். தன் சின்ன மகன் ஷெல் விழுந்து செத்துப்போனான் என்றாள். “அண்ணா, இனி என்னை ஜெபிக்கச் சொல்லாதேங்கோ. எனக்கு ஏலாது” என்றாள். அதோடு லைன் போய்விட்டது. பிறகு ஒரு செய்தியும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, குசினிக் கதவைச் சாத்திவிட்டு அதை அண்ணையிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். “இது எங்களோடையே இருக்கட்டும், தம்பி” என்றார்.

ஞாயிறு ஆராதனை டூட்டிங்கில் ஒரு வாடகை மண்டபத்தில். நல்ல கனி தராததால் கர்த்தர் தம் தோட்டத்தின் வேலியை எடுத்துப்போடும் பகுதியை அன்று வாசித்தார். போதனை முடிந்து பயனுக்கு வந்தார்.

“எங்களுக்கை ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை ஒண்டு வன்னியிலை, இனி ஜெபிக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுது. கர்த்தர் வேலியை எடுத்தார். குழந்தை போச்சுது.”

என் தங்கை வன்னியில் இருப்பது சபைக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்தவர்கள் என்னையும் மனைவியையும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை செத்த பிறகல்லவா அவள் அப்படிச் சொன்னாள்? அண்ணை முன்னதைப் பின்னதாக்கியிருந்தார். அப்படி மாற்றினால்தான் பயன் பொருந்தும்.

ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில் அண்ணையிடம் கேட்டேன்.

“நான் பேர் சொல்லேல்லையே, தம்பி” என்றார். “சபை பயப்படோணும் எண்டுதான்.”

“பயப்படுத்தச் சொல்லி நான் உங்களிட்டைச் சொல்லேல்லை, அண்ணை. தாங்க ஏலாமல்தான் சொன்னனான்.”

பஸ்ஸில் மனைவி யன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்: “பேர் சொல்லேல்லையாம். அப்ப போஸ்ட்கோடையும் சொல்லியிருக்கலாம்.”

எனக்குக் கர்த்தர் மேல் கோபம் வரவில்லை. அந்தப் பழைய ஆட்கள் மேலும் பெரிதாக வரவில்லை. எங்கள் அறையில் நான் கேட்டவரையில், அவர்கள் தங்கள் மார்பில் அடித்துக்கொண்டவர்கள். அண்ணை என் தங்கையின் மார்பில் அடித்திருந்தார்.

சண்டை முடிந்தபின் ஒரு முகாமிலிருந்து தங்கை பேசினாள். உயிரோடு இருந்தாள். கேள்விப்பட்ட அண்ணை சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தார்.

“ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும், தம்பி. அவள் விலகினது, அடி விழுந்தது, நாங்கள் ஜெபிச்சது, கர்த்தர் மீட்டது. அப்பிடியே வரிசையாச் சொல்லும்.”

“ஓம், வரிசையாச் சொல்லுறன்” என்றேன்.

ஞாயிறு மைக் என் கைக்கு வந்தது.

“என்ரை தங்கச்சி உயிரோடை இருக்கிறாள். ஸ்தோத்திரம். முதல் அவளின்ரை பிள்ளை செத்தது. பிறகுதான் அவளுக்கு ஜெபிக்க ஏலாமல் போனது. இஞ்சை சொன்னது மாறிச் சொன்னது. அந்தப் பிள்ளை ஏன் செத்தது எண்டு எனக்குத் தெரியாது. தெரியும் எண்டு ஒருத்தரும் சொல்லாதேங்கோ.”

அண்ணை மெதுவாக வந்து மைக்கை வாங்கி, என் தோளில் கை வைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார்.

“பிரியமானவர்களே, துக்கம் ஒரு விசுவாசியை எப்பிடிச் சோதிக்குது பாருங்கோ. இதிலை எங்களுக்கு ஒரு பயன் இருக்குது.”

மனைவி அதற்குள் எங்கள் இரண்டு பேருடைய கோட்டையும் எடுத்துக்கொண்டு கதவடியில் நின்றாள்.